பலகை செய்கிற கைக்கு ஆப் ஏன் வசப்படவில்லை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மரப் பல்லாங்குழி, ஆடுபுலிப் பலகை செய்து பொள்ளாச்சி வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறேன். இரண்டையும் மொபைல் ஆப் ஆக்க ஒருவரிடம் இரண்டு லட்சம் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ஒரு ஆட்டம்கூட முழுசாக ஆட முடியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள் தம்பி. இதில் பெரிய கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு, விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடுவது. அதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2008-ல் நான்காம் பதிப்போடு கம்ப்யூட்டரில் கூடி ஆடும் மேஜையும் வரும் என்று சொன்னது. சோதனைக்கு வந்ததே 2010-ல்தான், 2012-ல் மூடிவிட்டார்கள். அதே 2012-ல் மூன்று நண்பர்கள் தொடங்கிய ரோல்20 என்ற அதே மாதிரி இணைய மேஜை இன்றும் ஓடுகிறது. அப்புறம் 2017-ல் அந்த விளையாட்டின் புத்தகங்களை இணையத்தில் தர வெளியாள் கட்டிய டி அண்ட் டி பியாண்ட் தளத்தை, விஸார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2022-ல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

பணமும் ஆளும் இருந்தும் ஏன் இப்படி? பலகையோ புத்தகமோ செய்து அனுப்பிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது, ஆப் அப்படியில்லை, அது தினமும் திறந்து வைக்க வேண்டிய கடை. பிளே ஸ்டோரே வருடா வருடம் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்கிறது, அந்தச் செலவை யாரும் முதல் நாள் கணக்கில் எழுதுவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் விதி. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்தா ஆறா, பசு, அதாவது ஒரு குழியில் நாலு முத்து, சேர்ந்தால் அப்போதே எடுப்பதா ஆட்டம் நின்ற பிறகா, வண்டித்தாவளத்தில் என் சித்தி ஆடுவது ஒரு விதம், மீனாட்சிபுரத்தில் அத்தை வீட்டில் வேறு விதம், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசித் தீர்த்துக்கொண்டு ஆடிவிடுவார்கள். கம்ப்யூட்டரிடம் பேசித் தீர்க்க முடியாது. எழுதிக் கொடுக்காத ஒவ்வொரு இடத்திலும் அது நிற்கும், இல்லை தப்பாக ஆடும். உங்கள் ஆளிடம் விதியை எழுதிக் கொடுத்தீர்களா, வாயால் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வாயால் சொல்லியிருந்தால் ஒன்றரை வருடம் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சரி, இனி என்ன செய்யலாம்? இப்போதைக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆப்புக்காக இதுவரை எழுதிய புரோகிராம் (code) முழுவதையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தரமாட்டேன் என்றால் அப்போது சந்தேகப்படுங்கள். பல்லாங்குழியை ஓரமாக வைத்துவிட்டு ஆடுபுலியை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள், மூன்று புலி, பதினைந்து ஆடு, தாண்டினால் வெட்டு, அடைத்தால் தோல்வி, குழப்பம் குறைவு. அது ஒரு வருடம் ஒழுங்காக ஓடட்டும். அதற்குள் ஒரு நோட்டில் பல்லாங்குழி விதியை எழுதுங்கள், தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம், உங்களிடம் பலகை வாங்கிய இரண்டு பாட்டிகளை ஆடவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் சண்டை போடுகிற இடத்தையெல்லாம் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.