செடியைத் தள்ளி ஊன்றினால் வைரஸ் குறையுமா?

கேள்வி: குன்னம் பக்கம் 2 ஏக்கர் கரிசலில் மானாவாரியாக பி.டி. பருத்தி, 4-க்கு 3 அடியில் (வரிசைக்கு வரிசை 4, செடிக்குச் செடி 3) ஊன்றியிருக்கிறேன். 40 நாள் ஆகிறது. நாலில் ஒரு செடி, இலையில் பழுப்புத் திட்டு விழுந்து, சப்பை (பூ மொட்டு) கருகி, குட்டையாக நிற்கிறது. கடைக்காரர் இலைச்சுருள் வைரஸ் என்று ஒரு மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. நெருக்கம்தான் காரணமாம், அடுத்த வருஷம் 5 அடி விடச் சொல்கிறார். விடலாமா ஐயா?

பதில்: விடாதீர்கள். 4-க்கு 3 அடியே மானாவாரிக்கு அகலம்தான். ஏக்கருக்கு 3,630 செடி வரும், அதில் கால் பங்கு போனாலும் மிச்சம் 2,700 சொச்சம். 5-க்கு 3 அடிக்குப் போனால் முதலிலேயே 2,904 தான், நோய் வேறு தின்றால் என்ன மிஞ்சும்? மாறாக 4-க்கு ஒன்றரை அடியில் நெருக்கினால் 7,260 செடி. நாலில் ஒன்று போனாலும் 5,445 நிற்கும். 4-க்கு 2 அடி விட்டு ஒரு செடிகூடச் சாகாத வயலில் நிற்பதும் அதே 5,445 தான்.

இளசில் நோய் பிடித்த செடி காய் தராது. பக்கத்துச் செடி ஒன்றரை அடியில் இருந்தால் அந்த இடத்துக்குக் கிளை விட்டு ஈடுகட்டும், 3 அடியில் இருந்தால் எட்டாது. பாகிஸ்தானின் முல்தான் பக்கம் 1990-களில் இலைச்சுருள் வைரஸ் வந்து பருத்தியை அழித்த பிறகு, செடி எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னதும் இதனால்தான். அதற்காகப் படர்கிற கலப்பினத்தை ஒரு அடியில் நெருக்கிவிடாதீர்கள், ஐப்பசி மழையில் காய் அழுகும். ரொம்ப நெருக்க ஆசையிருந்தால் பக்கக் கிளை விடாத கோ 17 ரகம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. இலைச்சுருளில் நரம்பு தடித்து, இலை கிண்ணம் மாதிரி குவியும், அடியில் குட்டி இலைகூட முளைக்கும். வெள்ளை ஈ பரப்புகிற அந்த நோய் பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கத்துத் தொல்லை. நீங்கள் சொல்கிற அடையாளம் புகையிலைக் கீற்று வைரஸ் மாதிரிப் படுகிறது. அது பார்த்தீனியக் களையில் வெளியே தெரியாமலே இருக்கும், அதன் மகரந்தத்தில் ஏறி வரும். மகரந்தம் ஒட்டிய இலையை இலைப்பேன் என்ற பொடிப் பூச்சி சுரண்டும்போது உள்ளே போய்விடும். 2000-இல் ஆந்திராவின் அனந்தபூர் நிலக்கடலையைச் சாய்த்ததும் இதே வைரஸ்தான். கொல்லைக்குள் நாலு களை எடுத்துவிட்டு வரப்பிலும் ரோட்டோரத்திலும் இடுப்பளவு பார்த்தீனியத்தை விட்டுவைப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. அது பூப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும், பக்கத்துக் கொல்லைக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஓரத்தில் நாலு வரிசை சோளம் முன்கூட்டியே விதைத்தால் இலைப்பேன் வரத்தும் மட்டுப்படும்.

செடியில் பிடித்த வைரஸைப் போக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. இருக்கிறது என்பவர் டானிக்கை விற்கிறார், அவ்வளவுதான். அதோடு பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கலந்து கொடுத்திருந்தால், வெள்ளை ஈயை நீங்களே காசு கொடுத்து வளர்த்த கணக்கு. பில்லை எடுத்து, என்ன மருந்து என்று பாருங்கள்.

அடுத்த வருஷம் குழிக்கு ஒரு விதை என்று கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 10 நாளில் பாடுவாசி (முளைக்காத இடம்) நிரப்புங்கள், அதிகச் செடியைக் கலைப்பதை 25 நாள் வரை தள்ளிப் போடுங்கள், நோய்ச் செடியை அப்போதே பார்த்து எடுத்துவிடலாம். இந்த வருஷம் குட்டையாக நிற்பதற்கு இனி உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அப்புறம் ஒன்று எழுதுங்கள்: நோய்ச் செடிகள் ரோட்டுப் பக்கம் அதிகமா, கொல்லை முழுக்கச் சிதறி நிற்கிறதா?