அத்தைக்கு வந்துச்சு, எனக்கும் வருமா?

கேள்வி: டாக்டர், நாங்க சாட்ஸ்வொர்த்ல இருக்கோம், எனக்கு 38 வயசு, ரெண்டு பிள்ளைங்க. அப்பாவோட தங்கச்சி, எங்க அத்தை, 46 வயசுல ஓவரி கேன்சர்ல போயிட்டாங்க. அப்பாவோட அம்மாவும் சின்ன வயசுலயே மார்ல கட்டி வந்து போனாங்கன்னு சொல்வாங்க. கிளினிக்ல "அம்மாவுக்கு, அக்காவுக்கு இருந்துச்சா"ன்னு மட்டும் கேட்டாங்க, இல்லன்னேன், அதோட விட்டுட்டாங்க. பேப் ஸ்மியரும் நார்மல். அப்ப பயமில்லையே?
– ஒரு வாசகி, டர்பன்

பதில்: முதல்ல அந்த பேப் ஸ்மியர். அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட்மா, ஓவரிய அது எட்டிக்கூட பார்க்காது.

கிளினிக்ல கேட்டது பாதிக் கேள்விதான். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2ன்னு ரெண்டு ஜீன் இருக்கு, அதுல கோளாறு இருந்தா ஓவரிலயும் மார்லயும் கேன்சர் வர வாய்ப்பு கூடும், அது அப்பா வழியாவும் அப்படியே இறங்கும், அவருக்கு ஓவரி இல்லாததால ஒண்ணும் தெரியாம உங்ககிட்ட வந்து நிக்கும். அப்பாகிட்ட இருந்தா உங்களுக்கு வர்றது பாதிக்குப் பாதி. சாதாரணமா 100 பொம்பளைங்கள்ல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலதான் வாழ்நாள்ல ஓவரி கேன்சர் வருது, பிஆர்சிஏ 1 கோளாறு இருந்தா அது 40 பேர் கிட்ட, இன்னொண்ணுல 10லேருந்து 30க்குள்ள. பயமுறுத்தல, உங்க கதைல அத்தையும் பாட்டியும் ஒரே பக்கம்ங்கறதால சொல்றேன்.

பிள்ளை பெத்தது, பால் குடுத்தது எல்லாம் ரிஸ்க்கக் குறைக்கும், கர்ப்பத்தடை மாத்திரை சில வருஷம் போட்டிருந்தா இன்னும் குறையும், ஆனா ஜீன் கோளாறு இருந்தா இத நம்பி சும்மா இருக்க முடியாது. வருஷா வருஷம் ஸ்கேனும் சிஏ 125 ரத்த டெஸ்டும் எடுத்தா போதும்னு சிலர் சொல்வாங்க, பிரிட்டன்ல இதையே ரெண்டு லட்சம் பேர வச்சு பண்ணிப் பார்த்து 2021ல ரிசல்ட் சொன்னாங்க, சாவு குறையல. அதனால ஜீன் டெஸ்ட்ல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு, பிள்ளை போதும்னா, 35லேருந்து 45 வயசுக்குள்ள ஓவரியையும் கருக்குழாயையும் எடுத்துடச் சொல்றாங்க. உங்களுக்கு அது இப்ப பேச்சே இல்ல.

இப்ப ஜெனிட்டிக் கவுன்சிலிங்குக்கு, அதாவது குடும்பத்துல வர்ற ஜீன் கோளாறு பத்தின ஆலோசனைக்கு, ரெஃபரல் லெட்டர் கேளுங்க, அப்பா இருக்காருன்னா ஜீன் டெஸ்ட் முதல்ல அவருக்கு எடுக்கறது நல்லது. நடுவுல மூணு வாரம் விடாம வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சு, அடிக்கடி ஒண்ணுக்கு வந்தா கேஸ்னு இஞ்சித் தண்ணி குடிச்சிட்டு உக்காராதீங்க.

கவுன்சிலிங்குக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா பக்கத்துப் பெரியவங்ககிட்ட உக்காந்து கேளுங்க. நம்ம வீடுகள்ல எல்லாத்துக்கும் "கட்டி"ன்னு ஒரே பேர்தானே, பாட்டிக்கு மார்லதானா, அப்ப என்ன வயசு, வேற யாருக்காச்சும் வந்துச்சான்னு எழுதிக்கிட்டுப் போங்க.