கட்டிலில் புரண்டால் கூரை சுற்றுகிறது

கேள்வி: டொக்டர், எனக்கு 61 வயது. மூன்று மாதமாகக் கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் கூரை அப்படியே சுற்றுகிறது. கண்ணை மூடிக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், ஆனால் சத்தி வரப் பார்க்கும். கொடியில் உடுப்புப் போட அண்ணாந்தாலும் அதேதான். கழுத்தெலும்புத் தேய்வு என்றார் ஒருவர், பிறசர் என்றார் இன்னொருவர். குளிசை போட்டால் நித்திரைதான் வருகிறது. இப்போது கதிரையில் சாய்ந்துதான் படுக்கிறேன், கிணற்றடிக்குத் தனியப் போகப் பயம், இந்த முறை நல்லூரில் அடியழிக்கவும் இல்லை. மூளையில் ஏதும் இருக்குமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: அம்மா, புரண்டால் வருகிறது, அண்ணாந்தால் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் உள்காதில் வருகிற தலைச்சுற்றுத்தான். உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு, நம் கேத்தலின் அடியில் படிகிறதே, அதே கல்சியம் காபனேற்று (கிணற்றுத் தண்ணீரால் வருவதில்லை, பயப்பட வேண்டாம்). வயது போகப் போக, அல்லது தலை எங்காவது அடிபட்டால், சிலவேளை காரணமே இல்லாமல், அவை கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். நீங்கள் தலையைத் திருப்பும்போது அவை உருள, குழாயிலுள்ள திரவமும் அசைய, உலகமே சுற்றுவதாக மூளை நம்பிவிடுகிறது.

இடம்மாறிய துகளைக் குளிசை திருப்பிக் கொண்டுபோய் வைக்காது. சத்தி கடுமையாக இருந்தால் இரண்டு மூன்று நாள் போடலாம், சரி. ஆனால் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை உங்கள் வயதில் மாதக்கணக்கில் விழுங்கினால் மயக்கக் கலக்கத்தில் விழுவீர்கள், கை நடுக்கம்கூட வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னுக்குச் சாய்த்துப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். கண்மணி துடித்தால் எந்தக் காது என்பது தெரிந்துவிடும். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று 1952 முதல் இருக்கிறது. அப்புறம் துகள்களைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற எப்லி முறை: வலக்காது என்றால் தலை வலப்பக்கம் திரும்பியபடி சாய்ந்து படுத்து, சுற்று அடங்கியதும் தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு இடப்பக்கம் சரிந்து முகம் நிலத்தைப் பார்க்க இருந்து, மெல்ல எழும்ப வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். செய்யும்போது சுற்றும், அது எதிர்பார்க்கிறதுதான். ஒன்றிரண்டு தடவையிலேயே பலருக்கு நின்றுவிடுகிறது.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. பிரதேச வைத்தியசாலையிலோ குடும்ப வைத்தியரிடமோ செய்யக்கூடிய வேலை. ஆனால் வெளிநோயாளர் பிரிவில் சனம் நிறைந்திருக்கும், “தலைச்சுற்று” என்று மட்டும் சொன்னால் பிறசர் பார்த்துக் குளிசை எழுதித்தான் அனுப்புவார்கள். “புரண்டால் சுத்துது, ஒருக்கா படுக்க வைச்சுப் பாருங்கோ” என்று வாய்திறந்து கேளுங்கள். கழுத்தில் கோளாறு இருந்தால் அதையும் முதலே சொல்லுங்கள்.

கதிரையில் படுப்பதை விடுங்கள் அம்மா, எப்லி செய்த பிறகும் அது தேவையில்லை. மூன்று மாதம் ஒழுங்காக நித்திரை இல்லாமல், கிணற்றடிக்குப் போகப் பயந்து, கோயிலையும் விட்டு இருந்திருக்கிறீர்கள். இதை “வெறும் தலைச்சுற்று” என்று யாரும் தட்டிவிடக் கூடாது. சுகமான பிறகு சில நாள் லேசாகத் தள்ளாடும், அதற்காக முடங்காமல் நடவுங்கள். திரும்பவும் வரலாம், வந்தால் அதையே திரும்பச் செய்யலாம்.

பேச்சுக் குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், கை கால் சோர்ந்தால், நிற்கவே முடியாவிட்டால், திடீரென்று காது கேளாமல் போனால், தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: எனக்கும் இதே வருத்தம்தான். மோட்டார் சைக்கிள் ஓடலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: சுகமாகும் வரை வேண்டாம். சந்தியில் பின்னால் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் சுற்றினால் உங்களோடு இன்னொருவரும் விழுவார். எப்லி செய்து, புரண்டாலும் அண்ணாந்தாலும் சுற்றவில்லை என்பது உறுதியான பிறகு ஓடுங்கள்.