அறிவித்தால் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்களா?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 13 வயது, அடுத்தவளுக்கு 6, கைக்குழந்தைக்கு 4 மாதம். குழந்தை பிறந்த கையோடு கணவர் எங்களை விட்டுப் போய்விட்டார். கொழும்பில் வேலை என்கிறார்கள். ஒரு சதமும் அனுப்புவதில்லை. சம்பூரிலிருந்து நிலாவெளிக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அரசு தரும் அஸ்வெசும உதவிப்பணம் அவர் பேரில், அவரே எடுக்கிறார். சின்னவனின் பிறப்பு இன்னும் பதியவில்லை. மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கரைவலைக்குப் போகிறான். பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சொன்னால் பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிப்பதென்றால் நீதவானின் கட்டளை வேண்டும். எந்த அதிகாரியும் தான் நினைத்தபடி கூட்டிக்கொண்டு போக முடியாது. சிறுவர் இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான். வீட்டில் காசில்லை என்பது அதற்குக் காரணமாகாது. ஆனால் 13 வயதுப் பிள்ளை வேலைக்குப் போவதை வேறு யாராவது அறிவித்து அதிகாரிகள் தேடி வருவதற்கும், நீங்களே போய் உதவி கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

கடதாசி எதுவும் தேவைப்படாத வேலையோடு தொடங்குங்கள். நிலாவெளிக்குப் பொறுப்பான குடும்பநல மாதுவைச் சந்தித்து, இடம் மாறி வந்திருப்பதைச் சொல்லிக் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். குழந்தையின் கிளினிக் கொப்பி சம்பூரில் இருந்தால் யாரிடமாவது சொல்லி எடுப்பியுங்கள். பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களுக்குத் திரிபோஷா என்ற சத்துமா உண்டு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு, நாளுக்கு 50 கிராம் என்பது கணக்கு. மூத்த இரண்டு பேருக்கும் பங்கு வைத்தால் பத்து நாளில் முடிந்துவிடும். மனம் கேட்காதுதான், ஆனாலும் அதை நீங்களே சாப்பிடுங்கள். சின்னவன் வளர்வது உங்கள் பாலில்.

பிறப்புப் பதிவில் பலர் வீணாக அலைகிறார்கள். பிறந்து 42 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டதால் இனி அது காலங்கடந்த பதிவு. அதை நீங்கள் வசிக்கும் பிரிவில் செய்வதில்லை, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பிரிவில்தான் செய்ய வேண்டும். குழந்தை திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். நிலாவெளிக்குரிய குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி தந்த பிறப்பு அறிக்கை, கிளினிக் கொப்பி, திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். பதிவுத் திருமணம் என்றால் தகப்பன் பெயரைச் சேர்க்க அவர் நேரில் வரவேண்டியதில்லை.

அடுத்தது அஸ்வெசும. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா வரையும், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் கிடைக்கிறது. பிள்ளைகளைக் கணக்கில் காட்டி வந்த காசு பிள்ளைகளுக்குச் சேரவில்லை என்பதை வாயால் சொல்வது போதாது. நிலாவெளி கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று எடுங்கள். கணவர் விட்டுப் போனதைப் பொலிசில் பதிந்து, பிரதி வாங்குங்கள். இரண்டையும் இணைத்து, பிரிந்து வாழும் திகதியைக் குறிப்பிட்டு, குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் அஸ்வெசும பிரிவுக்குத் தமிழிலேயே கடிதம் கொடுங்கள். உங்கள் கையிலிருக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னர் “கடிதம் வரவில்லையே” என்று சொன்னால் அந்த முத்திரைதான் உங்கள் சாட்சி. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கொன்றும் திறந்து வையுங்கள். தாய் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெரிவு 22 சுட்டிகளை வைத்து நடக்கிறது. கல்வீடும் கரண்ட் பில்லும் அம்மாவுடையவை, வருமானமில்லாதது நீங்கள். கணக்கெடுப்பவர் வரும்போது அந்த வேறுபாட்டை விளங்கச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இழுபட்டால் அஸ்வெசுமவுக்கான 1924 தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அதே செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டுச் சந்தியுங்கள். மூத்தவனைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். 5 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். 16க்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021இலிருந்து சட்டவிரோதம். பழைய பள்ளியின் விடுகைப் பத்திரம் தாமதமானால் அதிபருடன் பேசி உதவச் சொல்லி இவரிடமே கேளுங்கள். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் கொண்டு வரும் கரைவலைக் கூலி வீட்டில் அடுப்பெரிக்கிறது என்பதையும் அந்த உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் மாதாந்த உதவிப்பணம் போன்றவற்றுக்கு உங்களை அனுப்பி வைப்பார். தொகை சிறியதென்று விட்டுவிடாதீர்கள்.

இவை எல்லாம் அரசு தருபவை. தகப்பன் தரவேண்டியது வேறு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளைகளுக்குத் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு கேட்டு, நீங்கள் இப்போது வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். சம்பூர்ப் பக்கத்து மூதூருக்கு அலைய வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். இந்த வழக்குகள் பெரும்பாலும் முகவரியில்தான் சிக்குகின்றன: சரியான முகவரி இல்லாவிட்டால் அழைப்பாணை திரும்பி வந்து தவணைமேல் தவணை போகும். ஆகவே கொழும்பில் எங்கே தங்குகிறார், யாரிடம் வேலை என்பதை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடித்துத் தரும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். (கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகள் இதற்குக் காதி நீதிமன்றத்தை நாட வேண்டும்.)

கணவர் வந்து மிரட்டினால் பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் சிறுவர்களுக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கங்களுக்கு அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம். திங்கட்கிழமை கிளினிக் கொப்பி விஷயத்தைத் தொடங்குங்கள். வதிவிடச் சான்றையும் அதே கிழமையில் எடுத்துவிடுங்கள்.