வாசகர் கேள்வி - பதில்: பன்னிரண்டில் இரண்டு

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து இங்கே கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். படிப்போடு ஒரு வியாதியையும் கொண்டுவந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பல் விளக்காமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து அந்தக் காலேஜ் காற்பந்தைப் பார்ப்பதும், தோற்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை யாரிடமும் பேசாமல் இருப்பதும்! 2024-இல் பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டுதான் ஜெயித்தார்களாம், 2025-உம் சரியில்லையாம். கல்யாண வயதுப் பையன், யாரோ காலேஜ் பசங்க தோற்றதற்கு இப்படியா?
- ஒரு தாயார், செந்தூல்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகன் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலேஜ் காற்பந்து என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நாலு மணி மழைக்கு முன்னால் ஆடி முடிக்கப் பார்க்கிற ஒரு திடல், ஓரத்தில் குடையோடு இருபது பேர், அதிலும் பாதி பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு. அங்கே கதையே வேறு, அது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் காற்பந்து. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம், நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கமே அதைவிடச் சின்னது. இதில் இன்னொரு கொடுமை, ஒரு சீசனுக்கு மொத்தமே பன்னிரண்டு ஆட்டம்தான். 2021-இல் நம் சூப்பர் லீக்கில் ஓர் அணிக்கு 22 ஆட்டம், ஒன்று போனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்து நவம்பர் கடைசியில் மூட்டை கட்டிவிடுவார்கள். பன்னிரண்டில் ஆறாவது ஜெயித்தால்தான் ஆண்டு இறுதியில் 'பவுல்' என்று ஒரு கூடுதல் ஆட்டத்துக்குத் தகுதி. உங்கள் மகனுக்கு 2024-இல் அந்த ஆசை தீபாவளிக்கு முன்பே போய்விட்டது.

அவன் துக்கம் 2024-இல் தொடங்கியதும் இல்லை. அதற்கு முந்தின ஆண்டு இதே அணி டிசம்பர் தொடக்கம் வரை ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நவம்பர் 18-ஆம் தேதி அணியின் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடிபட்டது. குவாட்டர்பேக் என்றால் பந்தை யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று முடிவெடுக்கிற ஆள், கல்யாண வீட்டுச் சமையலுக்குத் தலைமைப் பண்டாரி மாதிரி. அவர் இல்லாமலும் மிச்ச ஆட்டங்களை ஜெயித்து, வரிசையில் மூன்றாவதாக இருந்த குவாட்டர்பேக் பையனை வைத்துக்கொண்டே தங்கள் வட்டாரக் கிண்ணத்தையும் 16-6 என்று எடுத்தார்கள். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. ஆனால் தேசியக் கிண்ணத்துக்கு அப்போது நான்கே அணிகளைத் தேர்ந்தெடுத்த குழு டிசம்பர் 3-ஆம் தேதி இவர்களை ஐந்தாவதாக வைத்தது. முக்கியமான ஆள் இல்லை, இனி இது பழைய அணி இல்லை என்பது கணக்கு. நியாயமா என்று என்னைக் கேட்டால், எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. அந்த வெறுப்பில் பல ஆட்டக்காரர்கள் கடைசி ஆட்டத்துக்கு வரவே இல்லை, ஜார்ஜியாவிடம் 63-3 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஆண்டை முடித்தார்கள்.

அப்புறம்தான் உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. 2024-இல் நாட்டிலேயே பத்தாவது இடம் என்று மதிப்பிடப்பட்டு, முதல் ஆட்டத்தை அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் ஆடினார்கள். நம் நேரத்துக்குச் சனி நள்ளிரவு. கடைசி உதையில் ஜார்ஜியா டெக் 24-21 என்று ஜெயித்தது. அடுத்து பாஸ்டன் காலேஜிடம் தோல்வி. அதற்கடுத்து மெம்ஃபிஸிடம், தலைமைப் பயிற்றுநர் மைக் நார்வெல் முன்னால் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகம், போதுமா! நவம்பரில் நோட்ர டேம் அணியிடம் 52-3. அந்த ஆட்டம் இங்கே ஞாயிறு காலை எட்டரைக்குத் தொடங்கியது, நீங்கள் அன்று தோசை சுட்டிருந்தால் அது ஆறிப்போயிருக்கும்.

ஏன் இப்படி என்றால், 2023 அணியிலிருந்து பத்துப் பேர் தொழில்முறை லீக்குக்குத் தேர்வாகிப் போய்விட்டார்கள். அந்த அணியின் பெரிய பெயர்கள் சிலரே வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாற்றலில் வந்தவர்கள். அங்கே 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' என்று ஒன்று 2018-இல் வந்தது, ஓர் ஆட்டக்காரர் அதில் பெயரைப் பதிந்தால் மற்ற பயிற்றுநர்கள் கூப்பிடலாம். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர்கள் காசும் சம்பாதிக்கலாம். இரண்டும் சேர்ந்ததும் அணி அமைப்பது சந்தைக்குப் போவது போல ஆகிவிட்டது. 2023-இல் வாங்கினது எல்லாம் நல்ல மீன். 2024-இலும் அதே கடைக்குப் போனார்கள், குவாட்டர்பேக்கும் வேறு இடத்திலிருந்து வந்தவர்தான். அவருக்கும் கையில் அடிபட்டது, அவருக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசையும் ஓட்டை. ஒரே வருஷத்தில் கட்டிய அணி ஒரே வருஷத்தில் பிரிந்துபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை. 2025-இல் முதல் ஆட்டத்திலேயே அலபாமாவை 31-17 என்று வீழ்த்தி, ரசிகர்கள் திடலுக்குள் இறங்கி ஆடினார்கள். உங்கள் மகனும் அன்று கூரையில் முட்டியிருப்பான். முடிவில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி.

இப்போது உங்கள் பக்கம். பல் விளக்காமல் உட்காருவதற்கு என்னிடம் நியாயம் இல்லை, அதைக் கண்டிக்கலாம். "தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பதில், "அந்த டப்ளின் ஆட்டத்தில் கடைசியில் என்னடா நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவான். நீங்கள் பாதியில் தூங்கிவிடலாம்.

கேள்வி: இவ்வளவு தோற்றும் அந்தப் பயிற்றுநரை ஏன் வைத்திருக்கிறார்கள்? நம் ஊரில் நாலு ஆட்டம் தோற்றால் ஆளைக் காணோமே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, பாசத்தால் என்று நினைக்க வேண்டாம். ஜிம்போ ஃபிஷர் என்று ஒரு பயிற்றுநர், இதே ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 2013 சீசனில் தேசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2023 நவம்பரில் அங்கே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். நம் காசில் முப்பது கோடி வெள்ளியைத் தாண்டும். வேலை செய்யாமல் இருக்க! இந்தக் கணக்கைப் பார்த்த எந்த நிர்வாகமும் நீக்குவதற்கு முன் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கும். நார்வெல் 2024-இல் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் பொறுப்பான துணைப் பயிற்றுநர்களை அனுப்பிவிட்டார், தன் சம்பளத்திலும் 45 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். அதுவரைக்கும் மரியாதையான மனுஷன்தான்.

கேள்வி: பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் காற்பந்தா?
- கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: 1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் ஆடியதைத்தான் முதல் ஆட்டம் என்கிறார்கள். அதில் ஒரு பக்கத்துக்கு 25 பேர், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. 6-4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. கை பிற்பாடு வந்தது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அது போகட்டும், டப்ளினில் நம் செந்தூல் தம்பியின் தூக்கத்தைக் கெடுத்ததே காலால் உதைத்த பந்துதானே.

கேள்வி: அண்ணா, கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறேன், அணித் தலைவன் நான்தான். இந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான லீக்கில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. பயிற்சிக்குப் பதினெட்டுப் பேர் வந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். அடுத்த சீசனுக்கு வெளியே கிளப்பில் விளையாடுகிற மூன்று பேரை ஏதாவது ஒரு குறுகிய கோர்ஸில் சேர்த்து இறக்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?
- தோற்ற தலைவன், செத்தாப்பாக்

பதில்: தம்பி, இதற்கு என் கதையைச் சொல்லாமல் முடியாது. நானும் ஒரு கல்லூரிக்கு கோல் காத்தவன், எண்பதுகளில். எந்தக் கல்லூரி என்று கேட்காதே. நாங்களும் ஒரு சீசன் முழுக்க அடிவாங்கினோம், அடுத்த சீசனுக்கு இதே யோசனை வந்தது, வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள், பொய் சொல்லக் கூடாது. முதல் மூன்று ஆட்டம் ஜெயித்தோம். பந்து அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே போய்வரும், மற்ற எட்டுப் பேர் பின்னால் ஓடுவோம், கோல் விழுந்ததும் ஓடிப் போய்க் கட்டிப்பிடிப்போம். அரையிறுதி அன்று இரண்டு பேரும் வரவில்லை, அவர்கள் கிளப்புக்கு அன்றைக்கே ஆட்டம். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கொடிக்குப் பக்கத்தில் மூன்று பேர் போய் நிற்கிறார்கள், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கிறார்கள். யார் உதைப்பது என்று அந்த சீசனில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நடுவர் இரண்டாவது தடவை விசில் ஊதினார். கடைசியில் உதைத்தவனின் பந்து நேராக வெளியே போய் சாக்கடையில் விழுந்தது, அதை எடுக்கப் போனவனுக்கு ஒரு கால் காலணியும் போனது. ஆறு கோல் வாங்கினேன்.

அதனால் வேண்டாம் என்கிறேன். கோர்ஸில் சேர்ப்பது விதிக்கு உட்பட்டதா என்பது வேறு கேள்வி, உட்பட்டதாகவே இருந்தாலும் வேண்டாம்.

பெரிய இடத்துக் கதையும் இதேதான். யுஐடிஎம் எஃப்சி நம் சூப்பர் லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழக அணி. 2020-இல் ஏறி வந்த முதல் ஆண்டே ஆறாவது இடம், கோவிட் காரணமாகப் பதினோரு ஆட்டத்தோடு முடிந்த சீசன் அது. அடுத்த ஆண்டு முழு சீசன், கடைசி இடம், கீழே இறங்கிவிட்டார்கள். பினாங்கும் அப்படித்தான்: 2021-இல் மூன்றாவது, 2022-இல் கடைசி. ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து அணி தயாராகிவிட்டது என்று நம்பக் கூடாது தம்பி, அது உன்னைப் போலத் தோற்றவனுக்கும் ஒரு வகையில் நல்ல செய்தி.

2010-ஐ நீ பார்த்திருக்க மாட்டாய், சின்னப் பிள்ளை. கே. ராஜகோபால் பயிற்றுநர். தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1. மறுநாள் மாமாக் கடையில் தே தாரேவை ஆற்றிக்கொண்டே ஆளாளுக்கு ராஜகோபாலை வேலையை விட்டு அனுப்பினார்கள், நானும் ஒருவன், ஒத்துக்கொள்கிறேன். அவர் பையன்களை மாற்றவில்லை. அதில் பலர் முந்தின ஆண்டு லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவரிடமே ஆடித் தங்கம் வாங்கியவர்கள், எஸ். குணாளன் உட்பட. யார் எங்கே ஓடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தார்கள், ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கிண்ணம் நம்முடையது.

உன்னிடம் ஒன்பது பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்றாயே, எல்லா ஆட்டமும் தோற்ற பிறகும் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வருகிற ஒன்பது பேர்! முதலாம் ஆண்டு மாணவர்களிடம் போய் இன்னும் ஆறு பேரைப் பிடி, நன்றாக ஆடத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று பார்க்காதே, நேரத்துக்கு வருகிறவனாகப் பார். பயிற்சியில் பாதி நேரத்தை கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் ஒதுக்கு. யார் உதைப்பது, யார் முதல் கம்பத்துக்கு ஓடுவது என்று எழுதி உடைமாற்றும் அறையில் ஒட்டிவை. அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, சனிக்கிழமை ஆட்டமாக இருந்தால் வருகிறேன். குடை நானே கொண்டுவருவேன், சாக்கடைப் பக்கம் மட்டும் நிற்க மாட்டேன்.