பௌதிக சேர் பதில்கள்: இலத்திரன் நெரிசல்

கேள்வி: சேர், ஓர் இலத்திரனின் நிலையையும் சக்தியையும் கண்டுபிடிக்கச் சுரோடிங்கர் சமன்பாடு எழுதலாம் என்று படித்தேன். அப்படியானால் ஒரு துண்டுச் செம்பில் உள்ள எல்லா இலத்திரனுக்கும் எழுதி, கணினியிடம் கொடுத்துவிட்டால் முடிந்ததுதானே? இதற்கு ஏன் பல்துகள் பௌதிகம் என்று தனியாக ஒரு துறை?
– உயர்தர மாணவன், களுவாஞ்சிக்குடி

பதில்: எழுதலாம் தம்பி. கரும்பலகையில் ஒரே வரிதான். தீர்க்கப் போனால்தான் வில்லங்கம். ஒரு கன சென்ரிமீற்றர் செம்பில் ஓடித்திரியும் இலத்திரன்கள் மட்டும் சுமார் 8.5 × 10²². அதை விடுவோம், சின்னதாகவே எடுப்போம். ஓர் அணுவில் இலத்திரன் தங்க ஒரே ஓர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடம் வெறுமையாக இருக்கலாம், மேல்நோக்கிய சுழற்சியோடு (இலத்திரனைக் குட்டிக் காந்தம் போல ஆக்கும் பண்பு அது) ஓர் இலத்திரன் இருக்கலாம், கீழ்நோக்கியது இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆக நாலு நிலை. 10 அணுவுக்கு நாலின் பத்தாம் அடுக்கு, அதாவது 10,48,576. உங்கள் மடிக்கணினி செய்துவிடும். 20 அணுவுக்கு ஓர் இலட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்ணை எழுதி வைக்கவே 9 டெராபைட் அளவு இடம் வேண்டும். 140 அணு என்றால், கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் இருப்பதாகக் கணிக்கும் அணுக்களின் தொகையையும் மிஞ்சிவிடும். 'பெரிய கணினி வாங்கினால் சரி' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: நினைவகத்தை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது அரை அணு!

இலத்திரன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் இந்தத் தலையிடி இல்லை. ஒன்றுக்குத் தீர்த்து, கீழிருந்து நிரப்பிக்கொண்டு போகலாம். பல உலோகங்களுக்கு அந்தக் கணக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகவும் வரும். ஆனால் அதே கணக்கு நிக்கல் ஒட்சைட்டு மின்னைக் கடத்தும் என்று சொல்கிறது. அதுவோ நல்ல காவலி. டி போயரும் வேர்வேயும் 1937 இல் இதை எடுத்துக் காட்டினார்கள். காரணம் இலத்திரன்களின் பரஸ்பரத் தள்ளுகைதான் என்ற வழியில் பிரித்தானியப் பௌதிகவியலாளர் மொற் விளக்கினார். ஒரே அணுவில் இரண்டு இலத்திரன் சேர அவ்வளவு சக்தி செலவாகிறது என்றால், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்றுவிடும். ஓட்டம் நின்றால் மின்னோட்டம் ஏது?

அப்போ செம்பில் மட்டும் ஏன் தள்ளுகை தெரிவதில்லை? 1956 இல் சோவியத் பௌதிகவியலாளர் லாண்டாவ் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மாமாங்கக் குளக்கரையில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போவதைப் பாருங்கள். முன்னால் நிற்பவர்கள் ஒதுங்குவார்கள், பின்னால் இடைவெளி மூடிக்கொள்ளும். அவரையும் அவரைச் சுற்றி நகரும் அந்த ஒதுங்கலையும் சேர்த்து ஒரே ஆளாக எண்ணினால், அவர் தனியே நடப்பது போலத்தான் இருக்கும், கொஞ்சம் பாரம் கூடினவராக. லாண்டாவ் இலத்திரனை விட்டுவிட்டு இந்த 'ஒதுங்கலோடு சேர்ந்த இலத்திரனை' எண்ணினார். போலித்துகள் என்று அதற்குப் பெயர். சில சீரியம் சேர்மங்களில் அது சாதாரண இலத்திரனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு திணிவோடு நடந்துகொள்கிறது. எதைத் துகள் என்று எண்ணுவது என்று தெரிவு செய்வதிலேயே இந்தத் துறையின் பாதிக் கெட்டித்தனம் இருக்கிறது என்பது என் கருத்து. நேர்த்தியான விடை இல்லாத இடத்தில் செய்யும் அண்ணளவாக்கத்தைச் சிலர் கள்ள வேலை என்று நினைக்கிறார்கள். பரீட்சைக்கு மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

கேள்வி: ஒன்றையொன்று தள்ளும் இலத்திரன்கள், தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் மீகடத்தியில் மட்டும் சோடி சேர்கின்றன என்கிறார்களே, அது எப்படி?
– மின் வேலை செய்பவர், அக்கரைப்பற்று

பதில்: நேரத்தைப் பிசகவிட்டுத்தான். இலத்திரன் ஓர் இடத்தால் பாய்ந்து போகும்போது அங்குள்ள நேர் அயன்கள் அதை நோக்கிச் சற்றே இழுபடும். அயன் பாரம், ஆறுதலாகத்தான் அசையும்; இலத்திரன் தூரப் போய் வெகு நேரத்துக்கு மறுகாவும் அந்த இடத்தில் நேரேற்றம் கொஞ்சம் குவிந்திருக்கும். அதை நாடி இரண்டாவது இலத்திரன் வரும். முதலாவது அதற்குள் எங்கேயோ. இதனால் தள்ளுகை அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை.

கமெர்லிங் ஒன்னஸ் 1911 இல் லெய்டனில் இரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது தடை திடீரென்று இல்லாமல் போனது. விளக்கம் வர 1957 ஆனது: பார்டீன், கூப்பர், சுரீஃபர். இடையில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முயன்று விட்டுவிட்டார்கள். அத்தனை சோடிகளையும் ஒரே கோவையில் எழுதும் வழி, அப்போது ஆய்வு மாணவராக இருந்த சுரீஃபருக்கு நியூயோர்க் சுரங்க ரயிலில் போகும்போது பொறி தட்டியது. ஆனால் கதை முடியவில்லை. 1986 இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த செம்பு ஒட்சைட்டு மீகடத்திகளில் சோடி சேர்ப்பது எது என்று இன்றைக்கும் அடிபிடிதான்.

கேள்வி: இதனால் சாதாரண சனத்துக்கு என்ன லாபம்?
– வாசகி, ஏறாவூர்

பதில்: எம்.ஆர்.ஐ. எடுத்தவர் யாரும் உங்கள் குடும்பத்தில் உண்டா? அந்த இயந்திரத்தின் காந்தச் சுருள் பெரும்பாலும் நையோபியம்–தைத்தானியக் கம்பி. திரவ ஈலியத்தில் குளிர்ந்து மீகடத்தியாக வேலை செய்கிறது.

கேள்வி: மகள் கொள்கைப் பௌதிகம் படிக்க ஆசைப்படுகிறாள். ஆய்வுகூட வசதி இல்லாத நம் பக்கத்திலிருந்து முடியுமா, சேர்?
– தந்தை, சம்மாந்துறை

பதில்: கொள்கைக்குத் தாள், பென்சில், ஒரு பழைய மடிக்கணினி போதும். இந்தியப் பௌதிகவியலாளர் போஸ் 1924 இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியது சில பக்கக் கட்டுரை; அதிலிருந்து கிளைத்த போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கம் (கடுங்குளிரில் அணுக்கள் ஒரே நிலையில் சேர்ந்துகொள்வது) 1995 இல்தான் ருபிடியம் வாயுவில் செய்துகாட்டப்பட்டது. பட்டப்படிப்புக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில். ஆய்வுக் கட்டுரைகளை ஆர்க்கைவ் (arXiv) இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். ஆங்கிலமும் கணிதமும் மட்டும் குறைவில்லாமல் வேண்டும், ஐயா.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இரண்டு அணு, இரண்டு இலத்திரன். அணுவிலிருந்து அணுவுக்குத் தாவும் அளவு t. ஒரே அணுவில் இரண்டும் சேர்ந்தால் செலவு U. 1963 இல் ஹபார்ட் எழுதிய மாதிரியின் மிகச் சிறிய வடிவம் இது. சுழற்சிகள் ஒரே திசை என்றால் பவுலியின் விதி (ஒரே இடத்தில் ஒரே சுழற்சியோடு இரண்டு இலத்திரன் இருக்க முடியாது) தாவ விடாது, சக்தி பூச்சியம். எதிர்த்திசை என்றால் தாவலாம்; சக்தி E க்கு E² − UE − 4t² = 0 என்று வரும். சாதாரண தரத்து இருபடிச் சமன்பாடுதான்! U = 8t என்று போட்டால் சிறிய விடை சுமார் −0.47t. பூச்சியத்தை விடக் குறைவு, ஆகவே அயல் சுழற்சிகள் எதிரெதிராக நிற்கவே விரும்பும். கணக்கில் காந்தம் என்று ஒன்றையுமே நாம் போடவில்லை, கவனித்தீர்களா? அந்த 4t² எங்கிருந்து வந்தது என்பதை அவளே கண்டுபிடித்து அனுப்பட்டும். குறி பிழைத்தால் பரவாயில்லை, முழுத் தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். விடையை மட்டும் அனுப்பினால் நான் பார்க்க மாட்டேன்.