ரெப்போவை பிரவுசர்ல பாக்கணும், அதுக்கு கிட்லேப் வேணுமா? வாசகர் கேள்விகள்

கே: சார், எங்க ஆபீஸ்ல 2 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய உபுண்டு சர்வர் இருக்கு, எல்லா கிட் ரெப்போவும் (கோடும் அதுல பண்ண மாற்றங்களோட வரலாறும் சேந்த ஃபோல்டர்) அதுலதான், டெவலப்பர்ஸ் எல்லாரும் எஸ்எஸ்ஹெச் வழியா புஷ் புல் பண்ணிக்கிறோம், பிரச்சனையே இல்ல. இப்போ டெஸ்டிங் டீமும் மேனேஜரும் "என்ன மாத்துனீங்கன்னு பிரவுசர்லயே பாக்கணும்"ங்கறாங்க. ஒருத்தர் கிட்லேப் போடுங்கறார், இன்னொருத்தர் மொத்தமா கிட்ஹப்புக்கே போயிடலாம்ங்கறார். எது பண்றது?

ப: பாக்க மட்டும்தானே கேக்குறாங்க? அப்போ ரெண்டுமே வேணாம். கிட்லேப் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா அது உள்ள போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், பின்னாடி வேலை பாக்குற சைட்கிக்னு ஒரு கூட்டத்தையே கூட்டிட்டு வரும், 2 ஜிபி ராம்ல போட்டீங்கன்னா லாகின் பேஜ் வர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

கிட் கூடவே ரெப்போவ பிரவுசர்ல காட்ட கிட்வெப்னு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் வருது, 2006லயே கிட் கூட சேந்துட்டது. அது எப்படி இருக்கும்னு சும்மா பாக்கணும்னா உங்க லேப்டாப்ல ஏதாவது ஒரு ரெப்போவுக்குள்ள போய் 'கிட் இன்ஸ்டாவெப்'னு அடிங்க, 1234ங்கற போர்ட்ல பிரவுசர்ல திறக்கும். அது லைட்டிபிடிங்கற வெப் சர்வர தேடும், அது இல்லன்னா ஹெச்டிடிபிடி ஆப்ஷன்ல பைத்தான்னு குடுத்தா போதும். பாத்து முடிச்சதும் அதே கமாண்டோட 'ஸ்டாப்' ஆப்ஷன் குடுத்து நிறுத்திடுங்க, இது டெமோவுக்குத்தான், ஆபீஸுக்கு நிரந்தரமா இல்ல.

நிரந்தரமா வைக்க என் ஓட்டு சிகிட்டுக்கு. சி மொழில எழுதுனது, லினக்ஸ் கெர்னலோட மொத்த சோர்ஸையும் கெர்னல் டாட் ஆர்க்ல இதுலதான் காட்டுறாங்க, அவ்ளோ பெரிய ரெப்போவையே தாங்குதுன்னா உங்க சர்வர்ல இருக்குறதெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல. டேட்டாபேஸ் கிடையாது, யூசர் அக்கவுண்ட் கிடையாது, டிஸ்க்ல இருக்குற ரெப்போவ அப்படியே படிச்சு காட்டும். ஏப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்ட்) சிகிட், என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர், எஃப்சிஜிஐராப் மூணையும் போடுங்க. மூணாவது எதுக்குன்னா, சிகிட் ஒரு சிஜிஐ புரோகிராம், அதாவது யாராவது பேஜ் கேக்குறப்பல்லாம் வெப் சர்வர் ஓட்டி விட வேண்டிய புரோகிராம், என்ஜின்எக்ஸுக்கு சிஜிஐய நேரா ஓட்டத் தெரியாது, நடுவுல ஆள் வேணும். அபாச்சி ஏற்கனவே ஓடிட்டு இருந்தா அதுலயே சிஜிஐ மாட்யூல ஆன் பண்ணிக்கலாம், நடு ஆள் தேவையில்ல.

அப்புறம் ஈடிசி ஃபோல்டர்ல சிகிட்ஆர்சினு ஒரு ஃபைல், எல்லா செட்டிங்கும் அதுலதான். இங்கதான் நிறைய பேர் மண்டைய உடைச்சுக்கறாங்க. ரெப்போ எங்க இருக்குன்னு சொல்ற 'ஸ்கேன் பாத்' வரிய ஃபைலோட கடைசில போடணும், ஏன்னா சிகிட் மேல இருந்து கீழ படிச்சுட்டு வரும்போது அந்த வரிய பாத்த உடனே ரெப்போக்கள தேடி எடுத்து, அதுவரைக்கும் படிச்ச செட்டிங்க மட்டும் அதுங்களுக்கு குடுத்துடும். ஸ்னாப்ஷாட் (மொத்த கோடையும் ஒரே ஃபைலா டவுன்லோட் பண்றது), பிளேம் (எந்த லைன யார் எழுதுனதுன்னு காட்டுறது) மாதிரி ரெப்போவுக்கான செட்டிங்க அதுக்கு கீழ எழுதி வச்சா எர்ரரும் வராது வேலையும் செய்யாது, நீங்க என்ஜின்எக்ஸ்ஸ திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

பேஜ் வந்துடுச்சு ஆனா கலரே இல்லாம வெறும் எழுத்தா இருக்குன்னா சிஎஸ்எஸ் ஃபைல் போய் சேரலன்னு அர்த்தம், அது யூஎஸ்ஆர் ஷேர்ல சிகிட் ஃபோல்டர்ல இருக்கும், என்ஜின்எக்ஸ்ல அதுக்கு தனியா வழி காட்டிவிடுங்க. லிஸ்ட்ல ரெப்போ பேருக்கு பக்கத்துல "அன்நேம்டு ரெப்போசிட்டரி"னு அசிங்கமா ஒரு வரி நிக்கும், அது ஒவ்வொரு ரெப்போவுக்குள்ளயும் இருக்குற 'டிஸ்கிரிப்ஷன்' ஃபைல்ல கிட் தானாவே எழுதி வச்சது, அத மாத்தி "பில்லிங் ஆப், ஆண்ட்ராய்டு" அப்படின்னு மனுஷனுக்கு புரியற மாதிரி எழுதுங்க, மேனேஜர் பாதி கேள்விய நிறுத்திடுவார்.

கேஷ், அதாவது ஒரு தடவ தயாரிச்ச பேஜ சேத்து வச்சு மறுபடி காட்டுறது, சாதாரணமா ஆஃப்ல இருக்கும், 'கேஷ் சைஸ்' 0னு. 1000 மாதிரி ஏதாவது குடுத்து ஆன் பண்ணுங்க, கேஷ் ஃபோல்டர்ல வெப் சர்வர் யூசருக்கு எழுத பெர்மிஷன் இருக்கணும். ஆன் பண்ணப்புறம் புதுசா ரெப்போ போட்டா உடனே லிஸ்ட்ல வராது, 15 நிமிஷம் வரைக்கும் பழைய லிஸ்ட்டையே காட்டும், பதறாதீங்க.

டெஸ்டிங் டீமுக்கு ஒண்ணு சொல்லிடுங்க. பக் ரிப்போர்ட்ல லைன் லிங்க் போடும்போது கமிட் ஐடி (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் குடுக்குற தனி நம்பர்) உள்ள லிங்க்கதான் போடணும். பிராஞ்ச் லிங்க்க போட்டா அடுத்த வாரம் யாராவது மேல ரெண்டு ஃபங்ஷன் எழுதியிருப்பாங்க, 42வது லைன்ல வேற ஏதோ இருக்கும், அதுக்கு ஒரு சண்டை.

கே: கிட்வெப் போட்டேன், "404, நோ பிராஜக்ட்ஸ் ஃபவுண்ட்"னே வருது. ரெப்போ என் ஹோம் ஃபோல்டர்லதான் இருக்கு, கான்ஃபிக்ல ரெப்போ இருக்குற இடத்தையும் சரியாதான் குடுத்திருக்கேன், ரெண்டு நாளா தலைவலி.

ப: ஹோம் ஃபோல்டர்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அதுதான். உபுண்டு 21.04ல இருந்து புதுசா உருவாக்குற ஹோம் ஃபோல்டருக்கு பெர்மிஷன் 750, அதாவது மத்தவங்க உள்ளயே நுழைய முடியாது. கிட்வெப் ஓடுறது உங்க பேர்ல இல்ல, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டாங்கற யூசர் பேர்ல. அந்த யூசரா சூடோ போட்டு அந்த ஃபோல்டர்ல எல்எஸ் அடிச்சு பாருங்க, "பெர்மிஷன் டினைடு" வந்தா நோய் இதுதான். 777 (எல்லாருக்கும் எல்லா பெர்மிஷனும்) போடுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு கீழ கிட்னு ஒண்ணு போட்டு ரெப்போவ அங்க மாத்திட்டு, அந்த யூசரோட குரூப்புக்கு படிக்கிற பெர்மிஷன் மட்டும் குடுத்து, ஈடிசில இருக்குற கிட்வெப் கான்ஃபிக்ல பிராஜக்ட் ரூட்ட அங்க திருப்பி விடுங்க.

கே: நாங்க இன்னும் கிட்டுக்கு முன்னாடி இருந்த சப்வெர்ஷன்லதான் (எஸ்விஎன்) இருக்கோம். சிரிக்காதீங்க. எங்களுக்கு?

ப: சிரிக்கல. அபாச்சில எஸ்விஎன் மாட்யூல் ஓடினாலே பிரவுசர்ல ஃபோல்டர் லிஸ்ட் தெரியும், ஆனா சாதாரணமா கடைசி ரிவிஷன்தான். ஹிஸ்டரி, டிஃப் (ரெண்டு ரிவிஷனுக்கு நடுவுல என்ன மாறுச்சுங்கறது) வேணும்னா பைத்தான்ல எழுதுன வியூவிசி, சிவிஎஸ் காலத்துல வியூசிவிஎஸ்னு இருந்ததுதான் அது. பிஹெச்பி பழக்கம்னா வெப்எஸ்விஎன்.

கே: வீட்ல இருந்து பாக்குறதுக்கு சிகிட்ட இன்டர்நெட்ல அப்படியே திறந்து விட்டுடலாமா?

ப: ஆபீஸ் கோடா இருந்தா கூடவே கூடாது. இந்த மாதிரி சைட்ல ஒவ்வொரு கமிட்டுக்கும், ஒவ்வொரு ஃபைலுக்கும், டிஃபுக்கும் தனித்தனி லிங்க் வரும், சின்ன ரெப்போவே லட்சக்கணக்குல லிங்க் ஆயிடும். ஏஐ கம்பெனிகளுக்கு டேட்டா அள்ளுற பாட் (தானா ஓடுற புரோகிராம்) எல்லாம் அத ஒண்ணு விடாம கிளிக் பண்ணும், ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்க சர்வர் ரெப்போவ படிச்சு பதில் சொல்லணும். ரோபாட்ஸ் ஃபைல் வச்சா யோக்கியமான பாட் மட்டும்தான் மதிக்கும். க்னோம் (லினக்ஸ் டெஸ்க்டாப்) ப்ராஜெக்ட்காரங்களே 2025ல அவங்க கிட்லேபுக்கு முன்னாடி அனுபிஸ்னு ஒரு காவல்காரன உக்கார வச்சாங்க, அது வர்றவங்க பிரவுசர ஒரு கணக்கு போட வச்சுட்டுதான் உள்ள விடும்.

உங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல, விபிஎன் இருந்தா அதுக்குள்ளயே வச்சுக்கோங்க, இல்லன்னா என்ஜின்எக்ஸ்ல பேசிக் ஆத் பாஸ்வேர்டு, கூட லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் கட்டாயம், ஏன்னா ஹெச்டிடிபிஎஸ் இல்லாம பேசிக் ஆத் போட்டா பாஸ்வேர்டு வழியில போறவன் கண்ணுக்கெல்லாம் தெரியும். ஸ்னாப்ஷாட் டவுன்லோட ஆஃப் பண்ணிடுங்க, மொத்த கோடையும் ஜிப் பண்றதுதான் சர்வர அதிகமா சாகடிக்கும்.

அதுக்கும் முன்னாடி ஹிஸ்டரில டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஏதாவது இருக்கான்னு தேடுங்க. "அந்த ஃபைல எப்பவோ டெலிட் பண்ணிட்டோமே"ம்பாங்க, பழைய கமிட்ல அது அப்படியேதான் இருக்கும், சிகிட்ல ரெண்டு கிளிக்ல கிடைக்கும். பாஸ்வேர்ட மாத்துறதுதான் முதல் வேலை, ஹிஸ்டரிய சுத்தம் பண்றது அப்புறம்.

கே: நாளைக்கு கமெண்ட் போடணும், மெர்ஜ் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்த பாத்து சேத்துக்கோங்கன்னு கேக்குறது) வேணும்னு கேட்டா?

ப: கேக்கட்டும், அப்போ கிட்டீ போடலாம். 2016ல காக்ஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது, கோ மொழில எழுதுனது, ஒரே ஒரு பைனரி, எஸ்க்யூலைட்டே போதும், 3000ங்கற போர்ட்ல ஓடும், உங்க 2 ஜிபியே தாராளம். 2022ல அதுலயும் ஒரு பிரிவு வந்து ஃபோர்ஜோன்னு ஆச்சு, கோட்பெர்க் சைட் ஓடுறது அதுலதான், ரெண்டுல எது எடுத்தாலும் சரி. ரெப்போவ அதுக்குள்ள இம்போர்ட் பண்ணிக்கலாம், ஆனா யூசர் அக்கவுண்ட், எஸ்எஸ்ஹெச் கீ எல்லாம் மறுபடி ஏத்தணும், ரிமோட் அட்ரஸும் மாறும், அதனால ரிலீஸ் வாரத்துல மட்டும் கை வைக்காதீங்க.